கடலுக்கு ஒரு விதைகூட இல்லை

தேசம்மா கை காட்டினால் காட்டினதுதான். வீரம்மா குப்பத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அடையாறு கடலில் சேரும் முகத்துக்குக் கொஞ்சம் வடக்கே, இருநூற்றுச் சொச்சம் வீடுகளோடு இருந்தது அந்தக் குப்பம். இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல? காலையில் படகுகள் கரையேறியதும் மீனை ஏலம் விடுகிறவள் தேசம்மா. மணலில் கொட்டிய வஞ்சிரத்தையும் சங்கராவையும் சுற்றி நின்று வியாபாரிகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அத்தனையையும் கேட்டுவிட்டு, வலது கையை யாராவது ஒருத்தர் பக்கம் நீட்டுவாள். தீர்ந்தது விஷயம். நாற்பத்தேழு வயதில் அவள் நீட்டின கையை மடக்கி யாரும் பார்த்ததில்லை. அவள் புருஷன் பெயர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால், எமன் கண்ணில் படாமல் இருக்க வைத்த பெயர். "என்னியவே இப்டிதான் கை காட்டி எடுத்துக்கினா" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

விற்றது போகக் குழம்புக்கென்று ஒதுக்கும் மீனைக் கூறு போடுவதும் அவள்தான். படகில் போனவர்களுக்கு ஒன்று, வலை இழுத்தவர்களுக்கு ஒன்று, அம்மன் கோயில் பூசாரி வீட்டுக்கு ஒன்று, ஆம்பளை இல்லாத வீடுகளுக்கு ஒன்று. வீட்டில் மீன் இருக்கிறவள் எவளாவது ஏனத்தை நீட்டினால் போச்சு. "உன் வூட்லதான் கீதே, இல்லாதவளுக்குப் போவட்டும், நவுருடி" என்று விரட்டிவிடுவாள். இல்லாததற்குத்தான் கூறு, இருக்கிறதற்கு எதற்கு? இது கரையின் சட்டம். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறினதும் இல்லை. இந்தச் சட்டம்தான் கடைசியில் அவள் தலையில் கல்லைப் போட்டது.

குப்பத்தில் இல்லாதது என்று எவ்வளவோ இருந்தாலும், தேசம்மாவின் நெஞ்சை அறுத்தது ஒன்றே ஒன்று. கக்கூஸ். பொதுக் கழிப்பறை இரண்டு இருந்தது. ஒன்றில் கதவு இல்லை, இன்னொன்றில் தண்ணீர் இல்லை. பெண்கள் விடியுமுன் எழுந்து, கவிழ்த்துப் போட்ட படகுகளின் மறைவில் போய்விட்டு வந்துவிடுவார்கள். ஐந்தாறு வருடமாக அந்த நேரத்துக்கும் நடைப்பயிற்சிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஒருத்தன், தேசம்மாவின் மகள் அஸ்வினி உட்கார்ந்திருந்த இடத்தில் செல்போன் விளக்கை அடித்துவிட்டு, அணைக்காமலே நின்றானாம். நின்றவன் சிரித்தானாம். பாழாய்ப் போகிறவன்!

அஸ்வினி மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். "காலேஜ்ல போய்க்கிறேம்மா" என்பாள். லீவு நாளில் நாக்கு வறண்டு கிடப்பாள். ஆறே மாதத்தில் சிறுநீரகத்தில் கிருமி தொற்றி, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "பொண்ணுக்குக் குடிக்கத் தண்ணிகூடக் குடுக்க மாட்டீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.  அந்தக் கேள்வி ஊருக்கே கூறு போடுகிற தேசம்மாவோடு ஏலத்துக்கும் வந்தது, ஏலம் முடிந்து அவள் மீன் விற்கப் போகிற மந்தைவெளித் தெருக்களில் கூடையோடும் நடந்தது.

அந்த ஆவணியில்தான் ஷண்முகப்ரியா குப்பத்துக்கு வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். கே.கே. நகரில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். மனித உரிமைப் பயிற்சி என்று சொல்லி, நாற்பத்திரண்டு பெண்களை அடையாறில் ஒரு மண்டபத்து மாடிக்கு வேன் வைத்துக் கூட்டிப் போனாள். நல்ல பெண், அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாராவது இருந்திருந்தால் தேவலை, அவர்களைத் திட்டிவிட்டாவது தூங்கலாம்.

காலையில் அவள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். "உரிமைங்கறது நாம பொறக்கும்போதே கூட வர்றது அக்கா. யாரும் குடுக்கறதும் இல்ல, யாரும் பிடுங்கவும் கூடாது. ஓட்டுப் போடறது, பேசறது, வீடு, தண்ணி, தொழில் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு. ஒண்ணை விட்டுக்குடுத்துட்டு இன்னொண்ணை வாங்குறதுன்னு கெடையவே கெடையாது."

"வலை மாரின்னு சொல்லு மிஸ்ஸு," என்றாள் தேசம்மா. "ஒரு எடத்துல அறுந்திச்சின்னா போதும், அது வயியாவே மொத்த மீனும் பூடும்."

ஷண்முகப்ரியாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அக்கா சொன்னதைத்தான் நான் ஒரு மணி நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

எலுமிச்சை சாதப் பொட்டலத்துக்குப் பிறகு, மத்தியானம், தரையில் பெரிய சார்ட் ஒன்றை விரித்தாள். அதில் பத்துப் படங்கள். வீடு, கழிப்பறை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர்க் குழாய், ஓட்டுப் பெட்டி, போலீஸ் ஸ்டேஷன், கோயிலும் சர்ச்சும் மசூதியும் சேர்ந்த ஒன்று, மைக் ஒன்று. கடைசியாக, அலையும் படகும். ஆளுக்கு இருபது புளியங்கொட்டையைக் கொடுத்து, "எது உங்களுக்கு ரொம்ப முக்கியமோ அதுக்கு நெறைய வைங்க அக்கா" என்றாள்.

முதலில் எழுந்தவள் தேசம்மா. குழம்பு மீன் கூறு போடுகிற அதே கைதானே! இல்லாதது எது? கழிப்பறைப் படத்தில் பதினொன்று வைத்தாள். ஒழுகாத வீட்டுக்கு நான்கு, ஆஸ்பத்திரிக்கு மூன்று, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு. தீர்ந்தது.

"மைக்கு எதுக்கு மிஸ்ஸு?"

"பேச்சுரிமைக்கா."

"அத்த எவன் எனக்குக் குடுக்கணும்? நான் வாயத் தொறந்தா மந்தவெளி வரைக்கும் கேக்குமே!" என்றாள். மாடியே சிரித்தது. ஓட்டு? அதுதான் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வீட்டு வாசலுக்கே வந்து கெஞ்சுகிறார்களே. கடல்? கடலைப் போய் யாராவது கேட்டு வாங்குவார்களா? அது பாட்டுக்குக் கிடக்கிறது.

பின்னால் நின்ற பெண்கள் படத்தைப் பார்க்கவில்லை, தேசம்மா கை போன இடத்தைப் பார்த்தார்கள். அவள் வைத்த இடத்திலேயே வைத்தார்கள்.

கடைசியாக வந்தவள் லூர்துமேரி. அறுபதைத் தொட்ட விதவை, கருவாடு விற்கிறவள், இரண்டு கண்ணிலும் புரை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. புதைத்த இடம் என்று ஒன்று இல்லாததால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோறும் அலை ஓரத்து மணலில் ஒரு மெழுகுவர்த்தியைக் குத்தி வைத்துவிட்டு, அது அணையும் வரை கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவள் குனிந்து, சார்ட்டை மூக்கால் தடவுகிற மாதிரிப் பார்த்து, அலையும் படகும் இருந்த படத்தைக் கண்டுபிடித்து, இருபது கொட்டையையும் அதன் மேலேயே குவித்தாள்.

"இன்னாக்கா, கண்ணு அவுட்டா?" என்றாள் தேசம்மா. "கடலுக்கு எதுக்குப் போடற?"

"அவரு அங்கதானம்மா கீறாரு."

சிரிப்பு நின்றுவிட்டது. அங்கேயே தேசம்மாவும் நிறுத்தியிருக்கலாம். பின்னாளில் எத்தனையோ தடவை அதைத்தான் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அப்போது அவள் கண்ணுக்குள் அஸ்வினியின் வறண்ட உதடுதான் இருந்தது.

"இருக்கட்டும்க்கா. அவரும் எங்கியும் போவல, கடலும் எங்கியும் போவாது. இல்லாதத்துக்குப் போடு. நாளிக்கிக் கண்ணு முச்சூடும் பூட்ச்சின்னா எந்தப் படகாண்ட தடவிக்கினு போயிக் குந்துவ?"

சொல்லிக்கொண்டே குனிந்து, உள்ளங்கையின் விளிம்பால், அலை மேல் இருந்த இருபதையும் ஒரே தள்ளாகக் கழிப்பறைப் பக்கம் தள்ளினாள்.

"அவங்களே வைக்கட்டுமே அக்கா" என்றாள் ஷண்முகப்ரியா.

"இல்ல மிஸ்ஸு, தேசம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் லூர்துமேரி. மணி நான்காகிவிட்டது. வேன்காரர் ஹாரன் அடித்தார். ஷண்முகப்ரியா சார்ட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். எல்லோரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார்கள்.

சித்திரை பிறந்ததும் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கடற்கரை ஓரமாக நடைபாதையும் புல்வெளியும் வரப்போகிறதாம். வந்த அதிகாரி மரியாதையான மனிதர். எல்லோரையும் உட்காரச் சொன்ன பிறகுதான் தானும் உட்கார்ந்தார். "நாங்களா எதையும் திணிக்கல. நீங்க கேட்டதைத்தான் செய்யறோம்" என்று மைக்கில் சொல்லி, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். அந்தத் தாளின் மூலையில் புளியங்கொட்டைச் சார்ட்டின் படம் இருந்தது.

கழிப்பறைக்கு நானூற்று அறுபத்தாறு. வீட்டுக்கு நூற்று எழுபது. மருத்துவத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. கல்விக்குத் தொண்ணூற்று இரண்டு. பேச்சுரிமைக்குப் பூஜ்யம். வாக்குரிமைக்குப் பூஜ்யம். கடற்கரைக்கும் தொழிலுக்கும் பூஜ்யம். "ஆகவே கடற்கரையில் வசிப்பது இம்மக்களின் முன்னுரிமை அல்ல எனத் தெரிகிறது" என்று முடித்தார். தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி எட்டு மாடிக் குடியிருப்பு தயாராக இருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் உள்ளேயே கழிப்பறை, டைல்ஸ் போட்டது.

தேசம்மா விருட்டென்று எழுந்தாள். "சார், கடலு எங்குளுக்கு வாணான்னு வெக்காம வுடல சார். அதான் கீதேன்னு வுட்டோம். இல்லாதத்துக்குத்தான் வெச்சோம். அதான் எங்க வயக்கம் சார்."

"புரியுதும்மா. ஆனா கணக்கு அப்படிச் சொல்லலையே."

"அப்போ மறுக்காக் குடு சார். நாப்பத்திரண்டு பேரும் எல்லாத்தையும் கடல்லயே வெக்கிறோம். லூர்தக்கா மொத மொத அங்கதான் வெச்சிது சார், நாந்தான் தள்ளினேன். என் கையாலதான் தள்ளினேன்!"

அவர் வருத்தமாகத்தான் பார்த்தார். "முறையா நடத்தின ஆய்வும்மா. இஷ்டத்துக்கு மாத்திக்க முடியாது." மைக் அவர் பக்கம் இருந்தது. மந்தைவெளி வரைக்கும் கேட்கிற குரலில் தேசம்மா கத்தினாள். குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் "பொதுமக்கள் சிலர் கருத்துத் தெரிவித்தனர்" என்று ஒரு வரி ஏறியது. என்ன கருத்து என்று அதில் இல்லை.

மறுநாள் தேசம்மா இரண்டு பஸ் மாறி கே.கே. நகர் ஹாஸ்டலுக்குப் போனாள். ஷண்முகப்ரியாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. வாசலிலேயே அழ ஆரம்பித்தாள். "ரிப்போர்ட்டுக்குப் படம் வேணும்னாங்க, அனுப்பினேன் அக்கா. அது யார் யார் கைக்குப் போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அழுவாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. காலைல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்குதுன்னு சொன்ன இல்ல? மத்தியானம் எதுக்கு மிஸ்ஸு அத்தப் பிரிச்சி வெக்கச் சொன்ன?"

"அது... பயிற்சி அப்படித்தான் அக்கா நடத்துவாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

தேசம்மா அவளைத் திட்டலாம் என்றுதான் வந்திருந்தாள். திட்டுவதற்கு ஆள் போதவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு அந்தப் பெண்தான் ஓடியாடி ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போட வைத்தாள். மனு நிலுவையில் நின்றது. வீடுகள் நிற்கவில்லை.

கார்த்திகை மழையில் லாரிகள் வந்தன. வீரம்மா குப்பம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஊரை விட்டுப் போயிற்று.

தேசம்மாவுக்கு எட்டாவது மாடி. வீட்டுக்குள் கழிப்பறை இருந்தது, பொய் இல்லை. தாழ்ப்பாள் போட்ட கதவு, வெள்ளை டைல்ஸ், குழாய். முதல் நாள் அஸ்வினி அதற்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு வெகு நேரம் வரவில்லை. வெளியே வந்து இரண்டு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். அதைப் பார்த்தபோது தேசம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுகை வந்த பிறகு அது எதற்கான அழுகை என்றே தெரியாமல் போயிற்று. கல்லூரிக்கு மூன்று பஸ். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. தை பிறப்பதற்குள் அஸ்வினி படிப்பை நிறுத்திவிட்டாள். மண்ணாங்கட்டி படகோடு பழைய கரையிலேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தான். அங்கிருந்தும் எப்போது கிளப்புவார்களோ தெரியாது. ஏலம் இல்லை. கூறு இல்லை. தேசம்மாவின் வலது கைக்கு அரிசி களைவதைத் தவிர வேலை இல்லை.

எது பெரிசு, மகளின் தண்ணீரா, கடலா என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால் அறைந்திருப்பாள். அப்படிக் கேட்டதுதான் குற்றம் என்பது அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

குடியேறின முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒன்று நடந்திருந்தது. ஒரு வாரமாக வானம் மூடியே கிடந்தது. சூரியனைப் பார்த்தவர்கள் கிடையாது. தரைத்தளத்து லூர்துமேரி பிளாஸ்டிக் நாற்காலியையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நடுமுற்றத்தில் நின்றிருந்த பெண்களுக்கு நடுவில் தடவித் தடவித் தேசம்மாவின் கையைப் பிடித்தாள்.

"தேசம், கடலு எந்தப் பக்கம்மா?"

நாலா பக்கமும் ஒரே நிறத்தில் எட்டு மாடி. அலைச் சத்தம் இல்லை, உப்புக்காற்று இல்லை. பிறந்ததிலிருந்து யாரும் தேசம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க வேண்டி இருந்ததும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், வாட்ச்மேனைக் கேட்டிருக்கலாம். ஆனால் பெண்கள் எல்லோரும் வழக்கம் போல அவள் கையையே பார்த்தார்கள். அந்தக் கை, பாழும் கை, தானாக நீண்டது.

"தோ, அந்தப் பக்கம்க்கா."

லூர்துமேரி நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தரையில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான்கு நாள் கழித்து மழை விட்டது. காலையில் துணி உலர்த்தப் பால்கனிக்கு வந்த தேசம்மா, குப்பத்தில் தினமும் கடலிலிருந்து எழுந்த சூரியன் இங்கே கிளம்புவதைப் பார்த்தாள். தான் கை காட்டின பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் கீழே இறங்கினாள். லூர்துமேரி அதே இடத்தில், மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே கழிவுநீர்த் தொட்டியும், அதை இறைக்கிற மோட்டாரும் இருந்தன. மோட்டார் விட்டு விட்டு இரைந்துகொண்டிருந்தது.

"யாரு, தேசமா? குந்து," என்றாள். முகம் நிறையச் சிரிப்பு. "நீ சொன்னது சரிதாம்மா. மொத வாரம் ஒண்ணியும் தெரியல. இப்போ காத வெச்சிக் கேளு. அலை சத்தம் நல்லாக் கேக்குது. அவரு கிட்டத்துலதான் கீறாரு."

தேசம்மா வாயைத் திறந்தாள். நாற்காலியைப் பிடித்துத் திருப்பிவிடக் கையும் எழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அவள் மடக்கினாள். மடியில் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, லூர்துமேரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கேக்குதா?" என்றாள் லூர்துமேரி.

"கேக்குதுக்கா."